கிளீனரும் கண்டிஷனரும்: காரின் தோல் இருக்கைக்கான இரட்டைப் புட்டித் தொகுப்பு ஒரு மதிப்பீடு

காரின் தோல் இருக்கைகளைப் பராமரிப்பதற்கென்று விற்கப்படும் பொருட்களில், அழுக்கை எடுக்கும் கிளீனர் ஒரு புட்டியிலும், தோலை மிருதுவாக வைப்பதாகச் சொல்லித் தடவப்படும் கண்டிஷனர் மற்றொரு புட்டியிலுமாகச் சேர்ந்து வரும் தொகுப்பு பரவலாகக் கிடைக்கிறது. வெளிர் நிறத் தோல் இருக்கைகள் கொண்ட, பல ஆண்டுகள் அன்றாடம் ஓடிய ஒரு காரில் அத்தகைய தொகுப்பைத் தொடர்ந்து பயன்படுத்தி வந்ததன் அடிப்படையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். இதே வகைத் தொகுப்புகளைப் பல நிறுவனங்கள் தயாரிப்பதால், லேபிளில் உள்ள பெயரைக் காட்டிலும் புட்டிக்குள் இருப்பது என்ன, அது தோலின் மேல் என்ன செய்கிறது என்பதைப் பேசுவதே வாங்க நினைப்பவருக்கு உதவும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டில் இருக்கையின் ஆயுளை உண்மையில் நீட்டிப்பது கிளீனர்தான். கண்டிஷனருக்கும் பயன் உண்டு, ஆனால் விளம்பரங்கள் சொல்லும் காரணத்தால் அல்ல.

இதைப் புரிந்துகொள்ளக் காரில் இருக்கும் தோல் எத்தகையது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது, பதனிட்டுச் சாயமேற்றிய மாட்டுத்தோலின் மேல் நிறமிப் பூச்சும், அதற்கும் மேலே ஒளி ஊடுருவும் பாலியூரித்தேன் பூச்சும் கொடுக்கப்பட்ட தோல். நம் கை தொடுவது இந்த மேற்பூச்சைத்தானே தவிர, தோலின் இழையை அல்ல. உயர்விலைக் கார்கள் சிலவற்றில் மட்டும், பூச்சு மிக மெல்லியதாக உள்ள செமி அனிலின் தோலோ, பூச்சே இல்லாத அனிலின் தோலோ பயன்படுத்தப்படுகிறது. எது நம்மிடம் இருக்கிறது என்று அறிய, மறைவான ஓரிடத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்த்தால் போதும்: நீர் முத்தாகத் திரண்டு நின்றால் பூச்சுள்ள தோல், உள்ளே இறங்கி அந்த இடம் கருத்தால் அனிலின். இவ்விரண்டில் எதுவுமே இல்லாமல், இருக்கை செயற்கைத் தோலாகவும் இருக்கலாம். மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் ஆர்ட்டிகோ என்றும், பி.எம்.டபிள்யூ கார்களில் சென்சாடெக் என்றும் அழைக்கப்படுபவை விலங்குத் தோலே அல்ல. அவற்றுக்குக் கிளீனர் போதும்; கண்டிஷனருக்கு அங்கே வேலை இல்லை. மெல்லிய மயிர்ப் பரப்புக் கொண்ட அல்காண்டராவும் பாலியெஸ்டர், பாலியூரித்தேன் கலந்த செயற்கைத் துணியே ஆகையால், இந்தப் புட்டிகள் இரண்டையும் அதன் அருகில் கொண்டுபோகக் கூடாது. தோலின் பரப்பைத் தேய்த்து மெல்லிய மயிர்போல் ஆக்கிய உண்மையான ஸ்வேட் தோலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இனி கிளீனருக்கு வருகிறேன். பதனிட்ட தோல் இயல்பாகவே இலேசான அமிலத் தன்மை உடையது. வீட்டில் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கப் பயன்படும் பல்நோக்குத் திரவங்களும், பழைய முறைச் சேணச் சோப்பும் காரத் தன்மை உடையவை. காரம் அழுக்கை வேகமாகக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் தொடர்ந்து பட்டால் மேற்பூச்சையும் மங்கச் செய்து, தையல் ஓரங்களிலும் விரிசல்களிலும் உள்ளே இறங்கித் தோலையும் விறைக்கச் செய்யும். நான் பயன்படுத்தும் தொகுப்பின் கிளீனர் நடுநிலைக்கு அருகில், சற்றே அமிலப் பக்கம் சாய்ந்தவாறு தயாரிக்கப்பட்டது என்று லேபிள் சொல்கிறது. அதன் நடத்தையும் அதற்குப் பொருந்தி வருகிறது: நுரை குறைவு, வாசனை மிக மெல்லியது, துடைத்த பிறகு கையில் வழவழப்போ ஒட்டலோ மிஞ்சுவதில்லை. துடைத்து உலர்ந்த தோல் பளபளக்கவில்லை என்பதே இந்தக் கிளீனருக்கு நான் தரும் மிகப் பெரிய பாராட்டு. காருக்கான பூச்சுத் தோல் ஆலையிலிருந்து வரும்போது மங்கலான, ஒளியைச் சிதறடிக்கும் பரப்போடுதான் வருகிறது. நாளடைவில் ஏறும் மினுமினுப்பை மெருகு என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் உடல் எண்ணெய், வியர்வை, கையில் பூசிய லோஷன், வெயில் காப்புக் களிம்பு, தூசு ஆகியவை சேர்ந்து படிந்த படலம். நல்ல கிளீனர் அந்தப் படலத்தை எடுத்துவிட்டு, தோலை அதன் பழைய மங்கல் தோற்றத்துக்குத் திருப்புகிறது.

இந்தப் படலம் வெறும் அழகுக் குறைபாடு அல்ல என்பதால்தான் கிளீனரை இவ்வளவு வலியுறுத்துகிறேன். படிந்த தூசியில் உள்ள நுண்துகள்கள், ஒவ்வொரு முறை ஒருவர் ஏறி இறங்கும்போதும் உப்புத்தாள் போலப் பூச்சைத் தேய்க்கின்றன. ஓட்டுநர் இருக்கையின் வெளிப்புற மேட்டுப் பகுதி மற்ற எந்த இடத்தையும் விட முன்னதாக நிறம் இழந்து வெடிப்பதற்கு, அங்கே உராய்வும் அழுக்கும் ஒன்றாகச் சேர்வதே காரணம். அதனோடு, உடல் எண்ணெய் பூச்சின் பிடிப்பையும் மெல்லத் தளர்த்துகிறது. தலை சாயும் இடத்திலும், ஸ்டீயரிங்கில் கை பிடிக்கும் இடத்திலும் பூச்சு மிருதுவாகிப் பிசுபிசுத்து உரியத் தொடங்குவதைப் பழைய கார்களில் பார்க்கலாம். அந்த நிலைக்குப் போன தோலை எந்தக் கண்டிஷனரும் மீட்காது. அதற்கு முன்பே அழுக்கை அகற்றியிருந்தால் அந்த நிலையே பல ஆண்டுகள் தள்ளிப் போயிருக்கும்.

பயன்படுத்தும் முறையில்தான் இந்தப் பொருளின் வெற்றி தோல்வி இருக்கிறது. முதலில் தூசு உறிஞ்சியால் மடிப்புகளிலும் தையல்களிலும் உள்ள மணலை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் பிரஷ் அந்த மணலையே தோலில் தேய்க்கும். பிறகு கிளீனரை நேரடியாக இருக்கையின் மேல் தெளிக்காமல், மென்மையான மயிர்ப் பிரஷ்ஷிலோ துணியிலோ தெளித்து, இரண்டு உள்ளங்கை அகலமுள்ள பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அழுத்தாமல் வட்டமாகத் தேய்க்க வேண்டும். அழுக்கு கரைந்து மேலே மிதக்கும் அந்த நிலையிலேயே, அது உலர்வதற்கு முன், ஈரம் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். துணியின் புதிய பக்கத்தால் மீண்டும் ஒருமுறை துடைத்த பிறகே அடுத்த பகுதிக்குச் செல்வது நல்லது. துணியில் சாம்பலும் பழுப்பும் கலந்த கறை ஏறுவது அழுக்கு. இருக்கையின் நிறமே துணியில் ஏறினால் உடனே நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் அது பூச்சு கரைவதற்கான அறிகுறி. இதற்காகவே எந்தப் புதிய புட்டியையும் முதலில் இருக்கையின் அடிப்பக்கத்தில், கண்ணில் படாத இடத்தில் சோதிக்க வேண்டும்.

காற்றோட்ட வசதிக்காகத் துளையிட்ட தோலுக்குத் தனிக் கவனம் தேவை. அந்தத் துளைகளுக்குக் கீழே நுரைமெத்தையும், மின்விசிறியும், சூடாக்கும் கம்பிகளும், ஆள் அமர்ந்திருப்பதை உணரும் சென்சாரும் இருக்கக்கூடும். திரவம் உள்ளே இறங்கினால் அவை பழுதடையலாம். இல்லாவிட்டாலும் துளைகளுக்குள் உலர்ந்த கிளீனர் வெள்ளைப் புள்ளிகளாக நின்றுவிடும். அங்கே நுரை வடிவக் கிளீனரே ஏற்றது. என்னிடமுள்ள புட்டியில் தெளிப்பு மூடிதான் இருக்கிறது. நுரை மூடி கூடவே தரப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது இந்தத் தொகுப்பைப் பற்றிய என் உண்மையான குறை.

கிளீனரின் எல்லைகளையும் சொல்ல வேண்டும். ஜீன்ஸ் துணியின் நீலச் சாயம் வெளிர் நிறத் தோலில் புதிதாக ஏறியிருந்தால் பெருமளவு வந்துவிடுகிறது. மாதக்கணக்கில் ஊறிப் பூச்சுக்குள் இறங்கிய சாயம் வருவதில்லை. பேனா மையும் அப்படித்தான். அதை எடுக்க ஆல்கஹால் பூசுமாறு தரப்படும் யோசனை ஆபத்தானது: ஆல்கஹால் மையைக் கரைக்கும் அதே வேகத்தில் மேற்பூச்சையும் கரைக்கும். மெலமைன் பஞ்சால் தேய்த்தால் கறை மறைவதும் உண்மையே. ஆனால் அந்தப் பஞ்சு மிக நுண்ணிய அரம் ஆகையால், கறையோடு பூச்சையும் சேர்த்துச் சுரண்டி எடுக்கிறது. இத்தகைய கறைகளை நிறம் பூசத் தெரிந்த கைத்தேர்ந்தவரிடம் விட்டுவிடுவதே தோலுக்கு நல்லது.

கண்டிஷனரைப் பற்றிய பேச்சில்தான் மிகைப்படுத்தல் அதிகம். தோலுக்கு உணவூட்டுகிறது, இழந்த எண்ணெயைத் திருப்பித் தருகிறது என்றெல்லாம் எழுதப்படுகிறது. தோலை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய், பதனிடும் ஆலையிலேயே இழைகளுக்கு இடையே ஏற்றப்பட்டுவிடுகிறது. அதன் மேல் பாலியூரித்தேன் பூச்சு மூடியிருக்கும்போது, மேலே தடவும் குழம்பில் மிகச் சிறு பகுதியே, அதுவும் தையல் துளைகள், நுண்விரிசல்கள் வழியாகவே, உள்ளே போக முடியும். அனிலின் தோலில் நிலைமை வேறு. அங்கே கண்டிஷனர் உண்மையாகவே இறங்குகிறது, அதனால் நிறம் சற்றுக் கருக்கவும் செய்யும். பூச்சுள்ள தோலில் கண்டிஷனர் செய்யும் மெய்யான வேலை, பரப்பில் ஒரு மெல்லிய வழுக்குப் படலத்தை விட்டு உராய்வைக் குறைப்பதும், உட்காரும்போது எழும் கிறீச்சொலியைப் போக்குவதும், அடுத்து விழும் அழுக்கு ஒட்டிப் பிடிக்காமல் தடுப்பதும்தான். இவை சிறிய நன்மைகள் அல்ல. ஆனால் அழுக்கின் மேல் தடவினால் இந்த மூன்றுமே நடப்பதில்லை. அழுக்கு அங்கேயே முத்திரை வைத்ததுபோல் தங்கிவிடும்.

இந்தத் தொகுப்பின் கண்டிஷனர் நீரில் கலந்த பால் போன்ற குழம்பு. மிகக் குறைவாக எடுத்துத் துணியில் ஏற்றித் தடவி, சிறிது நேரம் விட்டுவிட்டு, உலர்ந்த துணியால் மிச்சத்தை முழுவதும் துடைத்துவிட்டால், தொட்டால் உலர்ந்த உணர்வும் கண்ணுக்கு மங்கல் தோற்றமும் தருகிறது. துடைக்காமல் விட்டால் ஒட்டும், தூசியை ஈர்க்கும். ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் இது தேவைப்படுவதாக நான் கருதவில்லை. கிளீனரையோ மூன்று மாதங்களுக்கு ஒருமுறை முழு இருக்கைக்கும், ஸ்டீயரிங்குக்கும் கை வைக்கும் திண்டுக்கும் அதைவிட அடிக்கடியும் பயன்படுத்தலாம். ஸ்டீயரிங்கில் மட்டும் கண்டிஷனரைத் தவிர்த்துவிடுங்கள்; வழுக்கும் ஸ்டீயரிங் பாதுகாப்புக்குக் கேடு.

ஒரே புட்டியில் இரண்டு வேலையும் செய்வதாகச் சொல்லும் பொருட்களோடும் இதை ஒப்பிட்டேன். அழுக்கைக் கரைத்து எடுப்பதும், ஒரு படலத்தை விட்டுச் செல்வதும் ஒன்றுக்கொன்று எதிரான வேலைகள்; ஒரே துடைப்பில் இரண்டையும் செய்யும்போது இரண்டும் அரைகுறையாகவே முடிகின்றன. ஏற்கெனவே சுத்தமாக உள்ள இருக்கையை வாரம் ஒருமுறை துடைக்க அவை போதுமானவை. சிலிகான் கலந்த பளபளப்புத் திரவங்களை நான் முற்றாக நிராகரிக்கிறேன். இருக்கை வழுக்கும், ஒளி கண்ணில் தெறிக்கும், பின்னாளில் நிறம் பூச நேர்ந்தால் புதிய பூச்சு பிடிக்காது. ஆலிவ் எண்ணெய் போன்ற சமையல் எண்ணெய்கள் நாளடைவில் காற்றுபட்டுக் கெட்டு நாற்றமெடுக்கும் என்பதால், அவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

வெயிலைப் பற்றி லேபிளில் உள்ள உறுதிமொழியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்கண்ணாடி இரண்டு அடுக்குகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்துச் செய்யப்படுவதால் புற ஊதாக் கதிர்களை ஏறத்தாழ முழுவதும் தடுத்துவிடுகிறது. பக்கவாட்டுக் கண்ணாடிகள் பெரும்பாலும் அப்படி அமைவதில்லை. புற ஊதா ஏ கதிர்களில் கணிசமான பங்கு அவற்றின் வழியே உள்ளே வருகிறது. அந்தக் கதிர்களையும், மூடி நிறுத்திய காரின் வெப்பத்தையும் எதிர்த்து, மேலே தடவிய மெல்லிய படலம் மாதக்கணக்கில் காவல் நிற்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. நிழலில் நிறுத்துவதும், பக்கக் கண்ணாடிக்குத் திரை போடுவதும் அந்த வேலையை மேலும் நன்றாகச் செய்யும். டேஷ்போர்டும் தோலால் மூடப்பட்டிருந்தால் இது இன்னும் முக்கியம். அங்கே ஏறும் வெப்பத்தில் தோல் சுருங்கி ஓரங்களில் இழுபட்டு மேலெழும்பக்கூடும், அதை மீண்டும் படிய வைப்பது எளிதல்ல.

தொகுப்பாக வாங்கும்போது இரண்டு புட்டிகளும் ஒரே அளவில் வருகின்றன. கிளீனர் தீரும்போது கண்டிஷனரில் பாதிக்கு மேல் மீதமிருக்கும். ஆகவே முதல் முறை தொகுப்பாகவும், அடுத்த முறைகளில் கிளீனரைத் தனியாகவும் வாங்குவதே சரி. தனியாக விற்காத நிறுவனத்தின் தொகுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். மீந்த கண்டிஷனரைக் காரின் டிக்கியில் போட்டு வைக்காமல் வீட்டில், வெப்பம் படாத இடத்தில் வைக்க வேண்டும். வெப்பத்தில் குழம்பிலிருந்து நீர் தனியே பிரியும். நன்றாகக் குலுக்கிய பிறகும் கட்டிகள் கரையவில்லை என்றால் அதை இருக்கையில் தடவாமல் அப்புறப்படுத்திவிடுங்கள்.