வீடு மாறும்போது கடல்நீர்த் தொட்டியின் மணல்: அப்படியேயா, கழுவியா, புதிதா?

இரண்டு நாள் மூடிக்கிடந்த பெயின்ட் வாளியைத் திறந்தேன். அழுகிய முட்டை நாற்றம் பால்கனியிலிருந்து சமையலறை வரை போனது. வேளச்சேரியிலிருந்து தாம்பரத்துக்கு வீடு மாறியபோது, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா வீணாகிவிடக் கூடாதே என்று தொட்டி மணலைக் கழுவாமல் ஈரத்தோடு அள்ளி வந்திருந்தேன். புது வீட்டில் மின் வேலை முடியாததால் அன்றே தொட்டியை அமைக்க முடியவில்லை. இப்போது மேலே நின்ற நீர் சாம்பல் பூத்திருந்தது. மணலுக்குள் இருந்த முள்புழுக்கள் காற்றைத் தேடி மேலேறி வந்து வாளியின் விளிம்போரம் செத்துக் கிடந்தன. உயிர் மணல் என்று நான் சுமந்து வந்தது ஒரு வாளிப் பிணம்.

ஈரமாக அப்படியே எடுத்துப்போவதைத்தான் பெரும்பாலோர் முதலில் நினைக்கிறார்கள். மணல் படுகையின் ஆழம் மூன்று, நான்கு சென்டிமீட்டருக்குள் இருந்து, வாராவாரம் உறிஞ்சிச் சுத்தம் செய்யப்பட்டு, காலையில் அள்ளியதை மாலைக்குள் போட்டுவிட முடிந்தால் இது தப்பில்லை. அந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் நான் துணிய மாட்டேன். ஓட்டமில்லாத வாளியில் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். புழுவும் நத்தையும் செத்து அழுகி அம்மோனியாவாகும். நன்னீர்த் தொட்டிக்காரர்களுக்கு இது இவ்வளவு பெரிய பயமில்லை. கடல்நீரின் பிஎச் 8.2 அளவில் இருப்பதால், அதே அம்மோனியாவில் நச்சு வடிவத்தில் இருக்கும் பங்கு பிஎச் 7 நீரில் இருப்பதைப் போலச் சுமார் பத்து மடங்கு.

பத்து சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாக மணல் போட்டவர்கள் நிலைமை இன்னும் மோசம். அந்த ஆழத்தின் பயனே அடியில் ஆக்சிஜன் இல்லாமல் இருப்பதுதான். அங்குள்ள பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றுகிறது. ஆனால் கண்ணாடியோரம் தெரியும் கறுப்புப் பட்டை சல்ஃபைடு; கலைத்தால் அழுகிய முட்டை நாற்றத்தோடு நச்சாக வெளியேறும். வருடக்கணக்காக அடுக்கடுக்காகப் படிந்ததை ஒரே வாரலில் கலைத்துவிட்டு, மறுபடி அதே வரிசையில் அடுக்க யாராலும் முடியாது. ஆழப்படுகையை அப்படியே இடம் மாற்றலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஆகவே என் ஓட்டு கழுவுவதற்கே. பாக்டீரியா போய்விடுமே என்ற பயம் எனக்கும் இருந்தது. போகத்தான் செய்யும், குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் இன்னும் வேகமாகப் போகும். ஆனால் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா மணலில் மட்டும் குடியிருக்கவில்லை. லைவ் ராக்கின், அதாவது பாக்டீரியா குடியேறிய கடற்பாறையின், துளைகளிலும், வடிப்பான் பஞ்சிலும், சம்பின் (வடிப்பான்கள் இருக்கும் துணைத் தொட்டி) சுவர்களிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாறைகளை நல்ல கடல்நீரில் முக்கி, பவர்ஹெட் (நீரைச் சுழற்றும் சிறு பம்பு) ஓடவிட்டுக் காப்பாற்றினால், ஓரளவு மீன் உள்ள தொட்டிக்கு அது போதும். பாறை மிகக் குறைவாக வைத்திருப்பவர்கள் மட்டும் மணலைக் கழுவிய பிறகு சில வாரம் உணவைக் குறைத்து, அம்மோனியாவைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அன்று இரவு பதினொரு மணிக்கு மேல் கழுவ உட்கார்ந்தேன். வாளியில் கால் பங்கு மணல், அடிவரை விட்ட ஹோஸ் குழாய், கையால் துழாவல். முதல் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது, ஐந்தாவது மோர், பதினைந்தாவது அரிசி களைந்த நீர். கடல்நீர்த் தொட்டிகளில் போடும் அரகோனைட் என்ற சுண்ணாம்பு மணலில் அந்த வெண்மை முழுதாகப் போகவே போகாது, தூள் எப்போதும் கொஞ்சம் இருக்கும். அழுக்கு நிறம் போனால் நிறுத்திக்கொள்ளலாம். கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர்.

தொட்டியை மறுபடி அமைக்க மாதக்கணக்காகும் என்றால் காயவைப்பதே வழி. இங்கே பலர் வரிசையை மாற்றிவிடுகிறார்கள்: அழுக்கோடு மொட்டை மாடியில் பரப்பிக் காயவைத்து மூட்டை கட்டுகிறார்கள். வெயில் அழுக்கை அழிக்காது, மணலோடு ஒட்டவைக்கும். அடுத்த வருடம் நனைத்ததும் அது மீண்டும் அழுகும். முதலில் கழுவுங்கள், பிறகு மெல்லிய படலமாகப் பரப்பி மொறமொறவென்று காயவிடுங்கள். வினிகரில் ஊறவைக்கும் யோசனை வேண்டாம். அரகோனைட் கால்சியம் கார்பனேட் என்பதால் நுரைத்துக் கரையும். பிளீச்சிங் போடுபவர்கள் வினிகரை அதன் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. கலந்தால் குளோரின் வாயு.

வாளிக்குள் பவர்ஹெட் போட்டு, அவ்வப்போது சிட்டிகை மீன் உணவு தூவி மணலை உயிரோடு வைத்திருக்கவும் முடியும். ஆனால் அதற்குப் பெயர் சேமிப்பில்லை, இரண்டாவது தொட்டி நடத்துவது.

புது மணல் செலவுதான், ஆனாலும் சில பழைய மணலைக் கழுவிப் பயனில்லை. தொட்டியில் எப்போதாவது மீன் நோய்க்குத் தாமிர மருந்து விட்டிருந்தால் மணல் அதைப் பிடித்துக்கொள்ளும். இறாலும் பவளமும் அதைத் தாங்காது. உணவை அள்ளிப் போட்ட தொட்டியின் மணலிலும் இதே சிக்கல் உண்டு: கால்சியம் கார்பனேட் பாஸ்பேட்டை உறிஞ்சி வைத்திருந்து, சுத்தமான நீரில் மெல்ல விடும். எவ்வளவு கழுவினாலும் பாசி வந்துகொண்டே இருக்கும். இந்த இரண்டுக்கும் மீன் தொட்டிக் கடைகள் இருக்கும் கொளத்தூர்ப் பக்கம் போய் உலர் மணல் மூட்டை வாங்குவதே மேல். ‘லைவ்’ என்று விற்கும் ஈர மணல் பாக்கெட்டுக்குக் கூடுதல் பணம் தர எனக்கு மனமில்லை. கையில் பழைய பாறை இருக்கும்போது அது எதற்கு? மெரினாவில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அது பெரும்பாலும் குவார்ட்ஸ், கறுப்பாக மின்னுவது இல்மனைட் போன்ற கனிமம். பிஎச்சுக்கு ஒரு உதவியும் செய்யாது, கரையில் கலந்த கழிவு வேறு.

எடையையும் கணக்குப் போடுங்கள். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலத் தொட்டியில் நான்கு சென்டிமீட்டர் மணல் என்றால் உலர்ந்த நிலையிலேயே சுமார் 25 கிலோ. 20 லிட்டர் வாளியை ஈர மணலால் முழுதாக நிரப்பினால் 35 கிலோவைத் தாண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள். நான் நிரப்பியிருந்தேன். மாடிப்படியின் திருப்பத்தில் கைப்பிடி கையோடு வந்துவிட்டது.