“தேக்கு, மழைக்குத் தாங்கும்” என்று சொல்லி விற்ற வாசல் பெஞ்சு: மலைநாட்டில் இருப்பவர்கள் முற்பணம் கட்டுமுன் வாசியுங்கள்

வாசலில் போட ஒரு பெஞ்சு செய்வோம், அதற்கு நல்ல குஷனும் தைப்போம் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், காசு கொடுக்குமுன் இதை ஒரு தடவை வாசித்துவிடுங்கள். எங்களுக்கு 78,000 ரூபா போனது. அதில் 30,000 அம்மாவின் சேமலாப நிதியில் மிச்சமிருந்த காசு. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாங்கள் இருப்பது இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, விட்டு 7 பேர்ச் காணியில் கட்டிய தனி வீட்டுக்கு வந்து சில வருடம்தான் ஆகிறது. அம்மா 34 வருடம் கொழுந்து எடுத்தவர். லயத்தில் இருந்த காலத்தில் வேலை முடிந்து வந்தால் இஸ்தோப்பில் (கூரையுள்ள முன் திண்ணையில்) சாக்கை விரித்து உட்கார்ந்துகொள்வார். இப்போது முழங்கால் விடுவதில்லை, தரையில் உட்கார்ந்தால் எழும்ப இரண்டு பேர் வேண்டும். காலையில் பனி விலகினதும் எங்கள் வாசலில் நல்ல வெயில் விழும், எதிரே கிரேட் வெஸ்டர்ன் மலை தெரியும். அங்கே உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்க ஒரு பெஞ்சு இருந்தால் போதும் என்றார். அவர் எங்களிடம் வாய்விட்டுக் கேட்ட பொருட்கள் மிகக் குறைவு. அதனால் நல்லதாகவே வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

2024 மார்ச்சில் முகநூலில் ஒரு விளம்பரம் பார்த்தேன். “அவுட்டோர் கார்டன் பெஞ்சு, அசல் தேக்கு, நீர் புகாத குஷன், 5 வருட உத்தரவாதம்.” படத்தில் பச்சைப் புல்தரையில் பளபளவென்று நின்றது. கடை எங்கள் பக்கத்து டவுனில்தான். பெயரை இங்கே எழுதவில்லை, முறைப்பாடு இன்னும் விசாரணையில் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். “மிஸ், நுவரெலியா ஹோட்டலுக்கெல்லாம் நாங்கதான் குடுக்கிறது. மழை, பனி ஒண்ணும் செய்யாது” என்றார். கடையில் இருந்த மாதிரி பெஞ்சைத் தட்டிப் பார்த்தேன், கனமாக இருந்தது. எங்களுக்கு வரப்போவதும் அதே மரம்தான் என்று நம்பினேன். பெஞ்சு 54,000, உட்காரவும் சாயவும் இரண்டு குஷன் 24,000. முற்பணம் 40,000 கட்டினேன்.

புத்தாண்டு முடிந்து ஏப்ரல் 18ஆம் திகதி லொறியில் கொண்டுவந்து இறக்கினார்கள். இரண்டு பையன்கள் ஆளுக்கொரு கையில் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார்கள். அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஐந்தடித் தேக்கு பெஞ்சை அப்படி விளையாட்டாகத் தூக்க முடியாது. ஆனால் அம்மா வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். மிச்சக் காசைக் கொடுத்து பில்லை வாங்கி மடித்து வைத்துவிட்டேன்.

ஐந்து வாரம் நன்றாகத்தான் இருந்தது. மே கடைசியில் தென்மேல் பருவமழை பிடித்தது. எங்கள் ஊர் மழை தெரியும்தானே, ஒரு நாள் பெய்து விடுகிற மழையல்ல. நாலைந்து நாள் தூறிக்கொண்டே இருக்கும், நடுவில் விட்டாலும் மூடுபனி வந்து எல்லாவற்றையும் நனைத்துவிட்டுப் போகும். குஷன் நீர் புகாதது என்று சொன்னதால் வெளியிலேயே விட்டிருந்தோம். ஜூன் முதல் வாரத்தில் ஒரு காலை வெயில் வந்தது. அம்மா போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழும்பினார். சேலை பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

நான் போய் உள்ளங்கையால் குஷனை அழுத்தினேன். தையல் ஓரமாக, சின்னச் சின்னத் துவாரங்கள் வழியாக, தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் கசிந்து வந்தது. கையை முகர்ந்தால் ஈரச் சாக்கு நாற்றம். உள்ளே கொண்டுபோய் அடுப்புக்குப் பக்கத்தில் நாலு நாள் வைத்தோம், காயவே இல்லை. குஷன் உறையின் சிப்பை (ஸிப்பை) திறக்கப் பார்த்தால் அது துருவேறி இறுகிப் போயிருந்தது. கத்தரிக்கோலால் வெட்டித்தான் திறந்தேன். உள்ளே இருந்தது முழு ஃபோம் இல்லை. நீலம், மஞ்சள், ரோசா என்று பல நிறத் துண்டுகளை ஒட்டி அமுக்கிய கழிவு ஃபோம். நடுப்பகுதியில் கரும்பூசணம். தைத்த நூலை நகத்தால் இழுத்தேன், பட்டென்று அறுந்தது. சாதாரணப் பருத்தி நூல், ஈரத்தில் உக்கிப் போயிருந்தது. மேலுறை ரெக்சின். மடிப்பு வரும் இடங்களில் மெல்லிய கோடுகளாக வெடித்திருந்தது. அந்த வெடிப்புகள் வழியாகவும் தையல் வழியாகவும் தண்ணீர் உள்ளே போகிறது, ஆனால் வெளியே வர வழியில்லை. ரெக்சின் மேலே தண்ணீர் ஊற்றிக் காட்டினால் வழிந்து ஓடத்தான் செய்யும், கடையில் அதைத்தான் எனக்குக் காட்டினார்கள். அதோடு உயரம் கூடக்கூட வெயிலின் புற ஊதாக் கதிரும் கூடும், 1,000 மீற்றருக்கு ஏறக்குறைய 10 வீதம். குளிர் ஊர்தானே, வெயில் என்ன செய்துவிடும் என்று நினைக்காதீர்கள். துணிக்கும் ரெக்சினுக்கும் இங்கே வெயிலும் எதிரி, மழையும் எதிரி.

அப்புறம்தான் பெஞ்சைச் சரியாகப் பார்த்தேன். பூச்சு வெள்ளை வெள்ளையாகப் பூத்து, செதில் மாதிரி உரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் கறுப்பு வட்டம். பக்கத்து வீட்டு ஆசாரி மாமாவைக் கூப்பிட்டேன். அவர் பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு, காலின் அடியைப் பேனாக்கத்தியால் லேசாகச் சுரண்டினார். மேலே செம்பழுப்புச் சாயம் ஒரு நூல் கனம்கூட இல்லை, உள்ளே வெளிறிய மரம். கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினார், நகம் இறங்கியது.

“பிள்ளை, இது தேக்கு இல்ல. அல்பீசியா. அந்தக் காலத்துல தேயிலைப் பெட்டி அடிச்ச மரம். இத மழையில போட்டா ரெண்டு வருசம் நிக்காது” என்றார். பூச்சும் வெளிவேலைப் பூச்சு இல்லையாம். சீலர் அடித்து மேலே லெக்கர் பூசியிருக்கிறார்கள், அது வீட்டுக்குள் வைக்கும் அலுமாரிக்குப் பூசுவது. மரம் ஈரத்தில் ஊதிச் சுருங்க, அது வெடித்து, வெடிப்புக்குள் தண்ணீர் போய் அடியில் தங்கிவிடும்.

கடைக்காரருக்குப் போன் எடுத்தேன். முதல் நாள் “பார்க்கிறேன் மிஸ்” என்றார். இரண்டாம் தடவை, “மழையில வைக்கச் சொன்னது யாரு? அவுட்டோர் என்றா இஸ்தோப்பில வைக்கிறது” என்றார். அவருடைய விளம்பரத்தில் பெஞ்சு புல்தரையில் நின்றதைச் சொன்னேன். அன்று மாலையே விளம்பரம் காணாமல் போனது. வட்ஸ்அப்பில் அவர் எனக்கு அனுப்பியிருந்த குரல் பதிவுகளோ, நான் ஒருநாள் போனில் இடமில்லை என்று அழித்தவற்றோடு போய்விட்டன. மடித்து வைத்த பில்லை எடுத்துப் பார்த்தேன். “பெஞ்சு 1, குஷன் 2, மொத்தம் 78,000.” தேக்கு என்ற சொல்லே இல்லை. உத்தரவாதம் பற்றியும் ஒரு எழுத்தில்லை. நல்ல வேளையாக, விளம்பரத்தை மார்ச்சில் தங்கச்சிக்கு ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பியிருந்தேன். இன்றைக்கு என் கையில் இருக்கிற பலமான சாட்சி அது ஒன்றுதான்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தேன். முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். முக்கியமாக, பொருளை வாங்கி 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. இதைத் தெரியாமல் எத்தனை பேர் “சரி, அடுத்த மாதம் பேசுவோம்” என்று கடைக்காரரின் பேச்சை நம்பி நாளை விட்டிருப்பார்கள். எங்களுக்கு ஜூலை 18 வரைதான் இருந்தது. ஜூன் 28ஆம் திகதி பில்லின் பிரதி, ஸ்கிரீன்ஷொட், போட்டோக்கள் எல்லாம் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதே சட்டத்தில், நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு தந்தே ஆக வேண்டும் என்றும் இருக்கிறது. கேளுங்கள். கேட்கும்போது மரத்தின் பெயரையும், குஷனுக்குள் என்ன ஃபோம் என்பதையும், “வெளியில் வைப்பதற்கு” என்பதையும், உத்தரவாதம் எத்தனை வருடம் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் முற்பணம் கட்டாதீர்கள்.

இறக்கும்போது மிச்சக் காசைக் கொடுக்குமுன் ஒரு கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பெஞ்சைக் கவிழ்த்து, சாயம் படாத அடிப்பக்கத்தைச் சுரண்டிப் பாருங்கள். ஒரு முனையை நீங்களே தூக்கிப் பாருங்கள். ஒரு சின்னக் காந்தம் இருந்தால் ஆணியில் வையுங்கள். வெளிவேலைக்குப் போடும் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அநேகமாக ஒட்டாது, துருப்பிடிக்கிற சாதாரண ஆணி பட்டென்று ஒட்டும். குஷனின் சிப்பைத் திறந்து கையை உள்ளே விட்டுப் பார்ப்பதற்கு வெட்கப்பட வேண்டாம். நான் வெட்கப்பட்டேன். அந்தப் பையன்கள் காத்து நிற்கிறார்களே என்று பார்த்தேன்.

காசு திரும்பி வரும்வரை அம்மாவை முக்காலியில் உட்கார வைக்க மனமில்லை. ஆசாரி மாமாவே ஒரு பெஞ்சு செய்து தந்தார். பழைய வீடு இடித்த இடத்தில் கழற்றிய பலாக் கைமரங்கள், இத்தனை வருடம் காய்ந்து இறுகிய, வைரம் பாய்ந்த மரம். உட்காரும் பலகைகளுக்கு நடுவே சுண்டுவிரல் நுனி நுழையும் அளவு இடைவெளி விட்டார், தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். கால்களை மண்ணில் வைக்கவே கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டைக்கல் போட்டார். மரம் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது அறுத்த முனையில்தான், அதனால் அடிக்கு மட்டும் மூன்று தடவை எண்ணெய் வைத்தார். எண்ணெயும் வெளிவேலைக்கென்று விற்கிறதாகப் பார்த்து வாங்கினோம். வெறும் லின்சீட் எண்ணெய் பூசினால் நம் ஈரத்துக்குக் கறுப்பாகப் பூசணம் பிடிக்கும் என்றார்.

குஷன் இந்தத் தடவை நானே தைத்தேன். இரண்டு அங்குலம்தான் கனம். கனம் கூடினால் காய்வது கஷ்டம். தண்ணீர் நேரே இறங்கி ஓடிவிடும் பெரிய துளை ஃபோம் என்று ஒன்று இருக்கிறது. வாங்கும்போது ஒரு துண்டு கேட்டு, மேலே ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், அடியில் உடனே வழிந்தால் அதுதான். மேலுறைக்கு நூலிலேயே நிறம் ஏற்றிய அக்ரிலிக் கன்வஸ். ஒரு நூலைப் பிரித்து வெட்டிப் பார்த்தால் பீட்ரூட் மாதிரி உள்ளேயும் அதே நிறம் இருக்கும். மேலே மட்டும் அச்சடித்த துணி என்றால் உள்ளே வெள்ளை தெரியும், அது சீக்கிரம் வெளுக்கும். தையலுக்கு பொலியெஸ்டர் நூல், பிளாஸ்டிக் சிப். அடிப்பக்கத்துக்குத் துணியே போடவில்லை, தடித்த வலை தைத்தேன், தண்ணீரும் இறங்கும், காற்றும் போகும். நாலு மூலையிலும் நாடா. சாயந்தரம் அவிழ்த்து உள்ளே எடுத்துவிடுகிறோம். எந்தத் துணியாக இருந்தாலும் ஜூன், ஜூலையில் இரவு முழுக்க வெளியே விடுவது சரியில்லை. திடீர் மழைக்கு மூட அம்மா தன் பழைய படங்கைக் கொண்டுவந்தார், கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டிய விரிப்பு அது. நான் அதை இறுக்கிக் கட்டப் போனபோது தடுத்தார். “கட்டாத. மூச்சு விடணும், இல்லாட்டி உள்ளுக்குள்ளயே வேர்க்கும்” என்றார். அது உண்மைதான். பொலித்தீனால் இறுக்கி மூடிய மரத்தில் மழையே படாமல் பூசணம் பிடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

மரம், கூலி, ஃபோம், துணி எல்லாம் சேர்த்து 46,000 ஆனது.

அந்தக் கடைக்காரர், வேறொருவர் மூலமாக, 15,000 தருகிறேன், முறைப்பாட்டை வாபஸ் வாங்கச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அம்மாவிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். பழைய பெஞ்சு வீட்டுக்குப் பின்னால் கவிழ்த்துக் கிடக்கிறது. வெட்டிய குஷன் இரண்டையும் உள்ளே இருந்த ஃபோமோடு சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். விசாரணைக்குக் கூப்பிடும் நாளில் அந்தச் சாக்கை அப்படியே தூக்கிக்கொண்டு போவேன்.