காட்பாடி ரோட்டில் காபூலி புலாவ்

ஆப்கான் சாப்பாடு போடும் இந்தச் சின்ன ஓட்டலுக்குக் கட்டாயம் போய்ப் பாருங்கள். நடத்துபவர் இந்தோ திபெத் எல்லைக் காவல் படையில் இருந்தவர். 2009-ல் ஆப்கானிஸ்தானில் இந்தியா கட்டி முடித்த 218 கிலோமீட்டர் சரஞ்ச் தெலாராம் சாலைக்குக் காவல் நின்றவர், அங்கே பார்த்த பழக்கத்தை அப்படியே இங்கே வைத்திருக்கிறார்: நெஞ்சில் கை வைத்து வரவேற்பு, தரையில் தஸ்தர்கான் விரிப்பு, நாலு பேருக்கும் நடுவில் ஒரே பெரிய தட்டு. ரொட்டித் துண்டு கீழே விழுந்தால் யார் காலிலும் படாமல் அவரே எடுத்து மேலே வைக்கிறார், அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடித்தது. கேரட், உலர்திராட்சை போட்ட புலாவில் ஆம்பூர் பிரியாணிக் காரத்தை எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் ஆட்டுக்கறி பஞ்சு மாதிரி வெந்திருக்கிறது. ஏலக்காய் கிரீன் டீ கப் காலியாகக் காலியாக ஊற்றுகிறார்கள். மந்து (கறி வைத்து ஆவியில் வேகவைக்கும் கொழுக்கட்டை மாதிரி) மட்டும் மாவு தடிமன், சரியில்லை. அப்புறம், ஞாயிறு மதியம் பார்க்கிங் கிடைக்காது.