சியேனாவின் பாலியோவா, கியோட்டோவின் கியோன் மட்சுரியா? ஜூலைப் பயணத்துக்கு எது?

ஒரு திருவிழாவைப் பார்ப்பதற்கென்றே ஜூலையில் வெளிநாடு போகிறேன் என்று யாராவது சொன்னால், நான் முதலில் சொல்வது இரண்டு ஊர்களைத்தான். ஒன்று இத்தாலியின் சியேனா. அங்கே ஜூலை 2ஆம் தேதி பாலியோ குதிரைப் பந்தயம். இன்னொன்று ஜப்பானின் கியோட்டோ. அங்கே ஜூலை மாதம் முழுக்கவே கியோன் மட்சுரி. ஒன்று குதிரை, ஒன்று தேர் என்றாலும் அடிப்படை ஒன்றுதான். இரண்டையும் நடத்துவது ஊரின் தெருக்காரர்கள். சியேனாவில் 17 கொன்ட்ராடாக்கள், அதாவது பேட்டைகள். கியோட்டோவில் ஒவ்வொரு தேருக்கும் ஒரு தெரு பொறுப்பு. சுற்றுலாத் துறை ஏற்பாடு செய்த நிகழ்ச்சி இல்லை இரண்டும். அதனால்தான் இவற்றை நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் கியோட்டோ. நான்கு நாள் ஒதுக்க முடியும் என்றால் சியேனா. இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள். பந்தயம் ஒன்றரை நிமிடம்தானே, ஃபுளோரன்சிலிருந்து காலையில் கிளம்பிப் பார்த்துவிட்டு இரவே திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடுவது ரொம்பச் சுலபம்.

பாலியோ என்றால் என்ன நடக்கிறது? பியாட்சா டெல் காம்போ என்ற சிப்பி வடிவச் சதுக்கத்தின் விளிம்பில் மண் கொட்டி இறுக்கி ஓடுபாதை ஆக்குகிறார்கள். 17 பேட்டைகளில் 10 மட்டும் ஓடும். போன ஆண்டு இதே பந்தயத்தில் ஓடாத ஏழுக்கு இந்த ஆண்டு உரிமை, மீதி மூன்று குலுக்கலில். சேணம் இல்லாத குதிரைகள், மூன்று சுற்று, சுமார் ஒன்றரை நிமிடம். வீரர் கீழே விழுந்தாலும் குதிரை மட்டும் முதலில் வந்து சேர்ந்தால் வெற்றிதான். பரிசு ஒரு பட்டுக் கொடி. ஆகஸ்ட் 16ஆம் தேதி இன்னொரு முறை நடக்கும்.

சதுக்கத்தின் நடுவில் நின்று பார்க்கக் காசு கிடையாது. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை வேறு. பந்தயம் மாலை 7.30 மணி அளவில். நல்ல இடம் வேண்டும் என்றால் மதியமே வந்து வெயிலில் நிற்க வேண்டும். அப்புறம் வாசல்களை ஒவ்வொன்றாக அடைத்துவிடுவார்கள். கழிப்பறைக்கு என்று வெளியே போனால் திரும்பி வர முடியாது. பழங்கால உடையணிந்த ஊர்வலம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சுற்றி வரும். அதன் பிறகும் பந்தயம் உடனே தொடங்காது. ஒன்பது குதிரைகளைக் கயிற்றுக்குப் பின்னால் வரிசையில் நிறுத்துவார்கள். பத்தாவது குதிரை பின்னால் தள்ளி நிற்கும். அது எப்போது பாய்ந்து வருகிறதோ அப்போதுதான் கயிறு விழும். எதிரிப் பேட்டையின் குதிரை பாதகமான நிலையில் நிற்கும்வரை அந்தப் பத்தாவது வீரர் அசையவே மாட்டார். இந்த இழுபறியே ஒரு மணி நேரம் போகலாம். ஒன்றும் தெரியாமல் நிற்கும் பயணிக்கு இது வெறும் தாமதம். யாருக்கும் யாருக்கும் பகை என்று தெரிந்தவருக்கு அன்றைய நாளின் உச்சமே இதுதான்.

அதனால்தான் நான்கு நாள் என்கிறேன். ஜூன் 29ஆம் தேதி குதிரைகளைக் குலுக்கல் முறையில் பேட்டைகளுக்குக் கொடுக்கிறார்கள். நல்ல குதிரை கிடைத்த பேட்டை அங்கேயே துள்ளிக் குதிக்கும், மோசமான குதிரை கிடைத்தவர்கள் சத்தமில்லாமல் குதிரையைக் கூட்டிக்கொண்டு நடப்பார்கள். அன்று மாலை தொடங்கி பந்தய நாள் காலைவரை ஆறு ஒத்திகைகள். ஒத்திகையை நடுச் சதுக்கத்தில் நின்று பார்க்கக் கூட்டம் அவ்வளவு நெருக்காது, நேரமும் குறைவு. ஒவ்வொரு பேட்டையும் தன் குதிரைக்குப் பின்னால் பாடிக்கொண்டே வரும். பந்தயத்துக்கு முந்தின இரவு தெருவிலேயே நீண்ட மேசை போட்டு விருந்து. சில பேட்டைகளில் வெளியாரும் முன்பதிவு செய்து உட்காரலாம். பந்தய நாள் பிற்பகல் குதிரையைப் பேட்டையின் சிறு தேவாலயத்துக்குள்ளேயே கூட்டிப்போய், 'போ, வென்று திரும்பி வா' என்று பாதிரியார் ஆசீர்வதிப்பார். ஆமைப் பேட்டையும் நத்தைப் பேட்டையும் பரம்பரைப் பகையாளிகள். தன் பேட்டை தோற்றதைவிட எதிரி ஜெயித்தது பெரிய துக்கம். இதெல்லாம் மனதில் ஏறிய பிறகு அந்த ஒன்றரை நிமிடத்தைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும்.

குதிரைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சான் மார்ட்டினோ வளைவில் பாதை இறங்கித் திரும்புகிறது. சுவரில் மெத்தைகள் வைத்திருப்பார்கள். இருந்தும் குதிரைகள் விழுந்து காயப்பட்டிருக்கின்றன, இறந்தும் இருக்கின்றன. விலங்கு நல அமைப்புகள் நெடுங்காலமாக எதிர்த்து வருகின்றன. இது மனதுக்கு ஒப்பாது என்றால் போகாதீர்கள். யார் எவ்வளவு புகழ்ந்தாலும் அங்கே நின்று ரசிக்க முடியாது.

சரி, கியோட்டோ.

869ஆம் ஆண்டு கொள்ளைநோய் பரவியபோது அதைத் தணிக்க நடத்திய வழிபாட்டில் தொடங்கியது கியோன் மட்சுரி. யசாகா கோயிலின் திருவிழா. ஜூலை 17ஆம் தேதி முதல் தேரோட்டம், 24ஆம் தேதி இரண்டாவது. மொத்தம் 34 தேர்கள். பெரிய தேர் உச்சிக் கம்பம்வரை 25 மீட்டர் உயரம், 12 டன் எடை வரும். சட்டகத்தை ஆணியில்லாமல், வைக்கோல் கயிற்றால் மட்டுமே கட்டுகிறார்கள். இந்தக் கட்டும் வேலை சில நாட்கள் தெருவிலேயே நடக்கும். யாரும் அருகில் நின்று பார்க்கலாம், காசு இல்லை, காத்திருப்பு இல்லை. எனக்குத் தேரோட்டத்துக்கு ஈடாகப் பிடித்தது இதுதான். சரம்சரமாகக் கயிறு சுற்றச் சுற்ற, மரச் சட்டத்தின் மூட்டில் ஒரு பின்னல் கோலம் உருவாகிறது. துணிகள் போர்த்திய பிறகு அந்தக் கோலத்தில் பாதி மறைந்துவிடும்.

தேர் திரும்பும் இடம்தான் நிற்க வேண்டிய இடம். சக்கரத்தைத் திருப்ப அச்சில் வழி கிடையாது. முச்சந்தியோ நாற்சந்தியோ வந்தால் பிளந்த மூங்கில் பட்டைகளை முன் சக்கரங்களின் அடியில் பரப்பித் தண்ணீர் ஊற்றுவார்கள். வடத்தைப் பக்கவாட்டில் மாற்றிப் பிடிப்பார்கள். தேரின் முன்னால் விசிறியோடு நிற்பவர்கள் குரல் கொடுத்ததும் ஒரே இழுப்பு. சக்கரங்கள் ஈர மூங்கிலில் சறுக்கித் தேர் கொஞ்சம் திரும்பும், உச்சிக் கம்பம் ஆடி நிற்கும். மறுபடியும் பட்டை, தண்ணீர், இழுப்பு. இப்படிச் சில முறையில் தொண்ணூறு பாகை திரும்பிவிடும். இதைப் புரிந்துகொள்ள முன்னறிவு எதுவும் வேண்டாம். அடுத்த பெரிய தேர் வந்து மறுபடியும் செய்து காட்டும். சியேனாவில் ஒரு நொடி தவறவிட்டால் போயிற்று, இங்கே காலை முழுக்க வாய்ப்பு வந்துகொண்டே இருக்கும்.

17ஆம் தேதியா 24ஆம் தேதியா? பலரும் கண்ணை மூடிக்கொண்டு 17ஐச் சொல்வார்கள். தேர்கள் அதிகம், 23. தேரோட்டத்துக்கு முந்தின இரவுகளில் முக்கியச் சாலைகளில் வண்டிகளை நிறுத்திவிட்டு மக்களுக்கே விட்டுவிடுவார்கள். தின்பண்டக் கடைகள், விளக்குகள், தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். நான் 24ஐச் சொல்வேன். 1966 முதல் ஒரே நாளில் சேர்த்து நடத்திக்கொண்டிருந்ததைப் பிரித்து, 2014இல்தான் இந்த இரண்டாவது தேரோட்டத்தை மீட்டார்கள். 1864 தீயில் எரிந்துபோன கப்பல் வடிவத் தேரும் அதே ஆண்டு திரும்பி வந்தது. தேர்கள் 11தான். முந்தின இரவுகளில் கடைவீதி அமளி கிடையாது, குறுகிய தெருக்களில் விளக்கும் மணியோசையும் மட்டும். சில பழைய வீடுகள் முன்னறையைத் திறந்து குடும்பத்தின் மடிப்புத் திரைகளைத் தெருவுக்குக் காட்டி வைக்கும். கோய்யாமா என்ற தேருக்கு உரியது டிராய் போர்க் காட்சி நெய்த பெல்ஜியத் திரைச்சீலை. அதைக் கூட்டத்தில் நசுங்காமல் நின்று பார்க்க முடிவது 24ஐ ஒட்டிய இரவுகளில்தான்.

கியோட்டோவின் குறை வெயில். ஜூலையில் 35 பாகை சாதாரணம், காற்றில் ஈரமும் அதிகம். காசு கொடுத்து வாங்கும் நாற்காலிகளுக்கும் பெரும்பாலும் நிழல் கிடையாது. வயதானவர்களோடு போனால் தேரோட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மாலைகளைத் தெருவில் கழிப்பதே மேல். வேண்டாம் என்றால் எந்நேரமும் விலகி அறைக்குப் போய்விடலாம். சியேனாவின் நடுச் சதுக்கத்தில் அது நடக்காது. சிறு குழந்தைகளோடு பாலியோ நாளில் அங்கே நிற்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மாடமோ இருக்கையோ எடுத்தால் சரி, ஆனால் அதற்குப் பல நூறு யூரோ ஆகும்.

சியேனாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் லாபம் உண்டு. பேராலயத்தின் பளிங்குத் தரைச் சித்திரங்கள் ஆண்டின் பெரும்பகுதி மூடியே கிடக்கும். சமீப ஆண்டுகளில் ஜூன் கடைசியில் திறந்து ஜூலை முடியக் காட்டுகிறார்கள். ஒத்திகைகளுக்கு நடுவே காலை நேரத்தில் அதைப் பார்த்துவிடலாம். போகும் ஆண்டின் தேதிகளை மட்டும் முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தங்குமிடம் இரண்டு ஊரிலும் மாதக்கணக்கில் முன்னதாகவே எடுக்க வேண்டும். கியோட்டோவில் கிடைக்காவிட்டால் ஒசாகாவில் தங்கி ரயிலில் வரலாம், அரை மணி நேரம்தான். சியேனாவில் மதிலுக்கு வெளியே எடுத்தாலும் பரவாயில்லை, நடந்து வரும் தூரத்தில் எடுங்கள். மழை பெய்து மண் நனைந்தால் பந்தயத்தை மறுநாளுக்குத் தள்ளிவிடுவார்கள். ஜூலை 3ஆம் தேதி இரவுக்கும் அறை எடுத்து, திரும்பும் விமானத்தை 4ஆம் தேதிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.