சிண்டாவின் ‘ஸ்டெப்’ துணைப்பாட வகுப்பு: வினாத்தாள் பையில் இருக்கட்டும்

சிங்கப்பூரில் விலகல் படிவம் கொடுக்காத இந்தியர்களின் சம்பளத்திலிருந்து மாதம் 1 முதல் 30 வெள்ளி வரை, இந்தியச் சமூகத்தின் சுயவுதவிக் குழுவான சிண்டாவுக்குப் போகிறது. 2,500க்கு மேல் 4,500 வரை வாங்குபவருக்கு 7 வெள்ளி. சம்பளச் சீட்டில் மாதாமாதம் அந்தப் பிடித்தத்தைப் பார்த்தும் ‘ஸ்டெப்’ பக்கம் எட்டிப் பார்க்காத பெற்றோர் நிறையப் பேர். கணக்கில் ஏஎல் (தேர்ச்சி நிலை; 1தான் உச்சம்) 5 முதல் 7 வரை நிற்கும் பிள்ளைக்கு இது தாராளமாகப் போதும். ஏஎல் 2ஐ ஏஎல் 1 ஆக்க நினைப்பவர்கள் வேறு இடம் பார்க்கலாம்.

கட்டணச் சலுகை குடும்பத்தின் தலைக்கான வருமானத்தைப் பொறுத்தது. இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். 4,800 வெள்ளியை 4 பேருக்குப் பிரித்தால் 1,200. கூடவே வசிக்கும் பாட்டியைச் சேர்த்தால் 960. பாட்டியை விட்டுவிடாதீர்கள்!

வகுப்புகள் பெரும்பாலும் பள்ளிக் கட்டடங்களிலேயே நடக்கின்றன. இடம் பள்ளியாக இருந்தாலும் பாடம் எடுப்பவர் உங்கள் பிள்ளையின் வகுப்பாசிரியர் அல்லர். பல பள்ளிப் பிள்ளைகள் ஒன்றாக உட்காருவார்கள். ஒவ்வொரு பள்ளியும் பாடங்களை அதனதன் வரிசையில் நடத்தும். ஒரு பள்ளி விகிதத்தை முடித்திருக்கும், இன்னொன்று தொட்டே இருக்காது. அரையாண்டுத் தேர்வுகளும் 2023க்குள் எல்லா நிலைகளிலும் நின்றுவிட்டதால், பிள்ளை எங்கே வழுக்குகிறது என்பதைக் காட்டுவது பருவத் தேர்வுத் தாள்தான். அதை ஸ்டெப் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பெற்றோருடையது.

‘ஏஎல் 6’ என்று மட்டும் சொன்னால் ஆசிரியருக்கு ஒன்றும் தெரியாது. அது 45 முதல் 64 வரை நீள்கிறது. 62 எடுத்தவனுக்கு இன்னும் 3 மதிப்பெண் கிடைத்தால் ஏஎல் 5. 46 எடுத்தவனுக்கோ அடிப்படையிலிருந்தே தொடங்க வேண்டும்.

தாளில் என்ன தெரியும்? ‘120 வெள்ளியில் 2/5 பங்கு புத்தகத்துக்கு, மீதியில் 1/3 பங்கு பேனாவுக்கு. பேனாவுக்கு எவ்வளவு?’ பிள்ளை 40 என்று எழுதியிருந்தால் அதற்குப் பின்னம் தெரியும். ‘மீதியில்’ என்ற சொல்லைத் தாண்டிப் போய்விட்டது. பட்டை வரையச் சொன்னால் போதும்: 5 கட்டம், ஒன்றுக்கு 24 வெள்ளி, இரண்டை அடித்தால் மூன்று மிச்சம், அதில் ஒன்று 24. விடையைப் பார்த்து 24 என்று திருத்தம் மட்டும் எழுதிய பிள்ளை அடுத்த தாளிலும் 40தான் எழுதும். ஆகவே திருத்தம் எழுதிய தாளைவிட, முதலில் போட்ட வழிமுறை அழியாமல் இருக்கும் தாளே உதவும்.

தூரத்தையும் பாருங்கள். சனிக்கிழமை காலையில் இரண்டு பேருந்து மாறிப் போகும் பிள்ளை மூன்றாவது மாதம் ‘வயிற்றுவலி’ என்னும். பக்கத்தில் ஸ்டெப் இல்லையென்றால், சிண்டா உட்பட வெவ்வேறு சமூகங்களின் நான்கு சுயவுதவிக் குழுக்களும் சேர்ந்து நடத்தும் கூட்டுத் துணைப்பாட வகுப்பைக் கேளுங்கள். அதில் எல்லா இனத்தவரும் சேரலாம்.

தொடக்கநிலை 1ல் ஆங்கிலம் எழுத்துக்கூட்டவே தடுமாறும் பிள்ளைக்கு, வசதி குறைந்த வீடானால், தேசிய நூலக வாரியம் 2004 முதல் தொண்டூழியர்களைக் கொண்டு நடத்தும் ‘கிட்ஸ்ரீட்’ பொருத்தமாக இருக்கும். வயது 4 முதல் 8. அங்கே பயிற்சித்தாள் கிடையாது, வாசிப்புதான்.