பல மொழிகள் படிப்பவருக்கு ஆங்கி செயலி: ஒரு மதிப்பீடு

புதிய மொழியொன்றைத் தொடங்குவதை விட, நான்காவது மொழியைப் படித்துக்கொண்டிருக்கும்போது இரண்டாவது மொழி கைநழுவிப் போகாமல் காப்பது கடினமானது. ஜெர்மன், ஸ்பானியம், அரபு, ஜப்பானியம் எனப் பல மொழிகளை ஆர்வத்தின் பொருட்டு மட்டுமே படித்துவரும் எனக்குப் பாடநூல்களும் வகுப்புகளும் தீர்த்துவைக்காத சிக்கல் இதுவே. அதற்கு உதவுமா என்ற நோக்கில் மட்டுமே, நான் நெடுநாளாகப் பயன்படுத்திவரும் ஆங்கி என்னும் நினைவட்டைச் செயலியை இங்கே மதிப்பிடுகிறேன். இதை மொழி கற்றுத்தரும் செயலி என்று நம்பி இறங்குபவர்கள் விரைவில் சலித்துப்போவார்கள். ஏனெனில் இதில் பாடமும் இல்லை, ஆசிரியரும் இல்லை.

டேமியன் எல்மிஸ் 2006இல் வெளியிட்ட இச்செயலியின் அடிப்படை பழையது. கற்றது எவ்வளவு வேகமாக மறந்துபோகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் தம்மைத்தாமே சோதித்து 1885இல் நூலாக எழுதினார். மறக்கும் தறுவாயில் ஒன்றை மீண்டும் நினைவுகூர்ந்தால் அது முன்னைவிட நெடுநாள் நிற்கும் என்னும் எண்ணத்தைப் போலந்தைச் சேர்ந்த பியோத்தர் வோஸ்னியாக் 1987இல் கணினி நிரலாக்கினார். ஆங்கி பல ஆண்டுகள் அவருடைய கணக்கீட்டின் ஒரு வடிவத்தையே பின்பற்றியது. அட்டையின் முன்பக்கத்தைப் பார்த்து விடையை மனத்துக்குள் சொல்லி, பின்பக்கத்தைத் திருப்பி, 'மீண்டும்', 'கடினம்', 'சரி', 'எளிது' என்னும் பொருள்தரும் நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். அடுத்து அந்த அட்டை என்று வரும் என்பதைச் செயலி முடிவுசெய்யும்.

2023இல் சேர்க்கப்பட்ட எஃப்.எஸ்.ஆர்.எஸ் என்னும் புதிய கணக்கீடுதான் பன்மொழி கற்போருக்குப் பெரிய மாற்றம். அது நம்முடைய பழைய விடைகளிலிருந்தே நம் நினைவின் போக்கைக் கணிக்கிறது. ஒவ்வொரு மொழிக்கும் தனி அமைப்பை ஒதுக்கினால் கணிப்பும் தனித்தனியாக நடக்கும். ஆங்கிலம் அறிந்தவருக்குப் பாதி பழக்கமாகத் தோன்றும் ஸ்பானியச் சொற்களும், பற்றுக்கோடே இல்லாத அரபுச் சொற்களும் ஒரே இடைவெளியில் வந்து நிற்பதில்லை. எத்தனை விழுக்காடு நினைவில் நிற்க வேண்டும் என்பதையும் நாமே சொல்லலாம். இயல்பாக 90 விழுக்காடு இருக்கும். அதை 97க்கு உயர்த்தினால் அன்றாட வேலை பன்மடங்காகும், கிடைக்கும் பயனோ சிறிது.

ஆனால் செயலியின் தரத்தைவிட அட்டையின் தரமே முக்கியம், அதுவும் மொழிக்கு மொழி மாறும். ஜெர்மன் பெயர்ச்சொல்லைப் பாலும் பன்மையும் இல்லாமல் எழுதிய அட்டை பெரும்பாலும் வீண். அரபு அட்டையின் முன்பக்கத்தில் உயிர்க்குறிகளை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் இட வேண்டும். அச்சில் பெரும்பாலும் அக்குறிகள் இல்லாமல்தானே படிக்கப் போகிறோம்! ஒழுங்கற்ற பன்மைகளையும் அங்கேயே சேர்த்துவிடலாம். ஜப்பானிய அரசின் பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் உள்ள 2136 காஞ்சி (சீனத்திலிருந்து வந்த) எழுத்துகளைத் தனித்தனியாக அட்டையாக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓர் எழுத்தின் ஒலிப்பு அது இடம்பெறும் சொல்லைப் பொறுத்து மாறுவதால், முழு வாக்கியத்தில் வைத்துப் படிப்பதே நிலைக்கிறது. ஸ்பானிய வினைவடிவங்களுக்கு, வாக்கியத்தில் ஒரு சொல்லை மட்டும் மறைத்து நிரப்பச் சொல்லும் அட்டைவகை மிகப் பொருத்தமானது. இதே காரணத்தால், பிறர் தொகுத்துப் பொதுவில் பகிர்ந்த பெருந்தொகுப்புகளை நான் பரிந்துரைப்பதில்லை. நாம் படித்த கதையிலோ கேட்ட உரையாடலிலோ எதிர்ப்பட்ட வாக்கியத்தை அட்டையாக்கும் உழைப்பிலேயே பாதி கற்றல் நடந்துவிடுகிறது.

குறைகளும் உண்டு. தோற்றம் வறட்சியானது, அமைப்புகளின் பட்டியல் புதியவரை மிரட்டும். ஒரு தொகுப்புக்கு நாளொன்றுக்கு 20 புதிய அட்டைகள் என்பது தொடக்க அமைப்பு; நான்கு மொழிகளுக்கும் அதை அப்படியே விட்டால் சில வாரங்களில் மறுபார்வை மலைபோல் குவியும். ஒரு நேரத்தில் ஒரு மொழிக்கு மட்டும் புதிய அட்டைகளை அனுமதித்து, மற்றவற்றுக்குப் பூச்சியம் என்று வைத்துவிட்டால் அவை குறைந்த நேரத்திலேயே உயிர்ப்போடு இருக்கும். பேசுவதற்கும் பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்வதற்கும் இச்செயலி அநேகமாக உதவாது. அட்டையில் உடனே அடையாளம் தெரியும் சொல், விரைவான பேச்சில் காதில் விழாமலே போகலாம். ஒலிப்பதிவு சேர்த்தாலும் இக்குறை ஓரளவே தீரும்.

கணினிக்கான வடிவம் இலவசம். ஆண்ட்ராய்டில் தன்னார்வலர்கள் உருவாக்கிய வடிவமும் இலவசம். ஐபோனுக்கு மட்டும் கட்டணம் உண்டு, அதுவே வளர்ச்சிப் பணிக்கு ஆதாரமாகிறது. முதன்முதலாக ஓர் அயல்மொழியைத் தொடங்குபவர் எளிய கதைகளைப் படிக்கும் அளவுக்கு வந்தபின் இதை நாடலாம். இரண்டு மூன்று மொழிகளைப் பாதியில் விட்டுவைத்திருப்பவர் காத்திருக்க வேண்டியதில்லை. பழைய குறிப்பேடுகளிலுள்ள வாக்கியங்களிலிருந்தே இன்றைக்குத் தொடங்கலாம்.