எராஸ்மஸ் செமஸ்டருக்கு எதை மிச்சம் வைப்பது: கட்டாயப் பாடமா, விருப்பப் பாடமா?

எராஸ்மஸ் என்பது ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டம்; அதில் ஒரு செமஸ்டரை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு வழக்கமான சுமை 30 இசிடிஎஸ் (ஐரோப்பியப் பொது கிரெடிட் முறை) கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. இதில் எதை எடுப்பது என்பதைப் புறப்படும் முன்பே திட்டமிட வேண்டும்.

கிரெடிட் மாற்றம்
கட்டாயப் பாடம்: உங்கள் கல்லூரியின் பாடத்திட்டமும் அங்குள்ள பாடத்திட்டமும் நன்றாகப் பொருந்த வேண்டும்.
விருப்பப் பாடம்: பொதுவாக அவ்வளவு கெடுபிடி இருக்காது.

அங்கே போனபின் பாடம் ரத்தானால்
விருப்பப் பாடம்: லேர்னிங் அக்ரிமென்ட்டை (அங்கே எடுக்கும் பாடங்களைக் குறிக்கும் ஒப்பந்தம்) திருத்தி வேறொன்று எடுக்கலாம்.
கட்டாயப் பாடம்: இங்குதான் சிக்கல். மாற்றுப் பாடம் கிடைப்பது கடினம். திரும்பி வந்து ஜூனியர்களோடு படிக்க நேரிடும், பட்டமே தள்ளிப்போகலாம்.

பெரும்பாலானவர்கள் விருப்பப் பாடங்களை மிச்சம் வைப்பதே நல்லது. உங்கள் துறையின் ஒப்புதல் எழுத்தில் கையில் இருந்தால் மட்டும் கட்டாயப் பாடத்தை அங்கே எடுங்கள்.